வந்தாளா, இல்லையா

போன மாதம் நம் இளம் வக்கீல்கள் சேர்ந்து நடத்திய மதியச் சாப்பாட்டுக் கூட்டத்துக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். வழக்கமாகச் சொல்கிற நாலு கதையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கடைசியில் ஒரு பெண் எழுந்தாள். இங்கே அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவள், டவுன்ஷிப் கவுன்சிலுக்கு நிற்கப்போகிறாள். "அங்கிள், ரெண்டு தடவை ஜெயிச்சீங்க. மூணாவது தடவை ஏன் லூஸ் பண்ணீங்க?" என்று கேட்டாள். "ஜூன் மாச வெயில்ல யாரும்மா ஓட்டுப் போட வர்றாங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, பதில் வரும் என்று நின்றுகொண்டே இருந்தாள். நான் தண்ணீர் டம்ளரை எடுத்தேன். அதற்குள் வேறு யாரோ வேறு எதையோ கேட்டுவிட்டார்கள்.

இது அவளுக்கான பதில். அவளோடு அங்கே உட்கார்ந்திருந்த உங்கள் எல்லாருக்கும்தான். சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். என் மனைவி வசந்தாவின் பெயரைத் தவிர மற்ற பெயர்களை மாற்றிவிட்டேன், ஊர்களையும் கொஞ்சம் நகர்த்தி வைத்திருக்கிறேன்.

மெட்ராஸில் வாங்கிய சட்டப் பட்டத்தை வைத்துக்கொண்டு இங்கே கோர்ட்டு வாசலில்கூட நிற்க முடியாது என்று தெரிந்து, நியூஆர்க்கில் மறுபடியும் மாணவனாகப் போய் உட்கார்ந்தவன் நான். விசா வழக்கும் விவாகரத்து வழக்கும்தான் என் பிழைப்பு. பிறகு மாநிலச் சட்டசபைக்கு நின்றேன். நம் ஆட்களில் அந்தப் பக்கம் போன முதல் சிலரில் நானும் ஒருவன். நியூ ஜெர்சியில் அது பாதி நேர வேலை. தலைநகர் டிரென்டனில் சபை கூடும் நாள் போக, மற்ற நாட்களில் அவரவர் தொழிலை அவரவர் பார்ப்பார்கள். உங்களில் சிலரும் அப்படி இரண்டையும் செய்யப்போகிறீர்கள். ஒரு தொழிலில், நாம் வாயைத் திறக்க மாட்டோம் என்று நம்பித்தான் ஆட்கள் நம்மிடம் வருகிறார்கள். இன்னொன்றில் வாயைத் திறக்காவிட்டால் ஆட்டம் முடிந்தது. இது இரண்டும் ஒரே உடம்பில் இருப்பது எவ்வளவு சிரமம் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

நான் ஜெயித்ததற்குப் பாதிக் காரணம் மாலா. வசந்தாவின் சிநேகிதி. சிநேகிதி என்று சொன்னால் போதாது. இந்த ஊருக்கு வந்த புதிதில், பேச ஆளில்லாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த வசந்தாவை வெளியே இழுத்துக்கொண்டு போனவள். பனி கொட்டுகிற நாட்களைத் தவிர தினமும் காலையில் இரண்டு பேரும் கால்வாய்க் கரையில் நடப்பார்கள். நான் தேர்தலில் நின்றபோது மாலாதான் தன் வீட்டை ஆபீஸாக்கினாள். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்ட ஆட்களைத் திரட்டினாள். ஓட்டு இருந்தும் போடாத நம் ஆட்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்ப் போட வைத்தாள்.

அவளுக்கு ஒரு தம்பி, சதீஷ். கெட்டிக்காரன். கம்ப்யூட்டர் வேலை. எந்தத் தெருவில் யார் ஓட்டுப் போடுவார்கள் என்று விரல் நுனியில் வைத்திருப்பான். மூன்றாவது தேர்தலுக்கு அவன்தான் எல்லாவற்றையும் நடத்தினான். எங்கள் நோட்டீஸில் 'நம் குடும்பங்களுக்காக' என்ற வரிக்குக் கீழே சதீஷ், அவன் மனைவி நித்யா, குழந்தை மூவரும் சிரித்துக்கொண்டிருக்கும் படத்தைத்தான் போட்டிருந்தோம். ஜெயித்த பிறகு என் தொகுதி ஆபீஸை அவன் பார்த்துக்கொள்வதாக எங்களுக்குள் பேச்சு. அதை மாலா வீட்டுக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அறிவிப்பதாகச் சொல்லியிருந்தேன்.

அந்தக் கூட்டத்துக்குச் சில நாட்கள் முன்பு, ஒரு மத்தியானம், நித்யா என் வக்கீல் ஆபீஸுக்கு வந்தாள். குழந்தையை டேகேரில் விட்டுவிட்டு வந்திருந்தாள். உட்காரச் சொன்னேன். தேர்தல் வேலையாக வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

"அங்கிள், இங்க நான் சொல்றது வெளில போகாதுன்னு சொல்வாங்களே. அது உண்மையா?"

"உண்மைதான்மா."

"மாலா அக்காவுக்கு?"

"யாருக்கும் போகாது."

"வசந்தா ஆன்ட்டிக்கு?"

"ஆன்ட்டிக்கும்தான்."

அதற்குப் பிறகுதான் பேசினாள். சதீஷ் அவளை அடிக்கிறான் என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன். நெடுநாளாக அடிக்கிறான். மீதி அவளுடையது. சொல்லலாம் என்று அவளே பிறகு சொன்னாள் என்றாலும், அது என் கையால் எழுதப்பட வேண்டியதில்லை.

அவளுக்கு என்னவெல்லாம் வழி இருக்கிறது என்று விளக்கினேன். அவன் விசாவில் தொற்றிக்கொண்டுதான் அவள் இங்கே இருக்கிறாள் என்பதால், அவனை விட்டுப் போனால் உடனே நாடு கடத்திவிடுவார்கள் என்று அவளை நம்ப வைத்திருந்தார்கள். அது அப்படி இல்லை என்று சொன்னேன். ஆனால் அவளுக்காக நான் கோர்ட்டில் நிற்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. எதிராளியின் குடும்பமே என் தேர்தலை நடத்துகிறது. நாளைக்கு என் மனம் எங்கே வழுக்கும் என்று எனக்கே தெரியாது. அந்தச் சந்தேகம் இருக்கும்போது ஒரு வழக்கை எடுக்கக் கூடாது.

அவள் முகம் விழுந்துவிட்டது. "இதெல்லாம் எனக்கு இங்கிலீஷ்ல சொல்ல வராது அங்கிள். வேலை விஷயம்னா பேசிடுவேன். இது வராது."

நியூஆர்க்கில் எனக்குத் தெரிந்த ஒரு பெண் வக்கீல் இருந்தார். நித்யாவின் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு அங்கேயே போன் போட்டேன். அவள் தமிழில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் சொன்னேன். என் வாயால் அந்த வாக்கியங்களைச் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருந்தது. 'அவன்' என்று சொல்லும் இடத்திலெல்லாம் அடித்தது நானே என்பது போல ஒரு கூச்சம். அந்த வக்கீல் பொறுமையாகக் கேட்டார். கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம், அதற்குள் அவளும் குழந்தையும் தங்க ஓர் இடம் பார்த்துவிடலாம், கொஞ்ச நாள் மட்டும் வீட்டில் எதையும் காட்டிக்கொள்ளாமல் இருக்கச் சொல்லுங்கள் என்றார்.

கிளம்பும்போது நித்யாவிடம் கேட்டேன். "ஞாயித்துக்கிழமை மீட்டிங்குக்கு நான் வரட்டுமா, வேணாமா?"

"வாங்க அங்கிள். வரலைன்னா ஏன் வரலைன்னு என்னைத்தான் கேப்பார்."

போனேன். மாலா வீட்டு ஹால் நிறைய ஆட்கள். சோபா, சாப்பாட்டு மேசை நாற்காலி, மாடிப்படி என்று எங்கும் உட்கார்ந்திருந்தார்கள். சதீஷ் இஸ்திரி போட்ட சட்டையில் என் பக்கத்தில் நின்றான். தோளில் தட்டி, "அங்கிள், செம க்ரவுட்" என்றான். அந்தக் கை என் தோளில் இருந்தபோது நான் அசையாமல் நின்றேன். நித்யா சமையலறைக்கும் ஹாலுக்கும் இடையே பஜ்ஜித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அறிவித்துவிட்டால் எல்லாரும் கைதட்டுவார்கள், அவளுக்கும் ஆபத்தில்லை. ஆனால் தொகுதி ஆபீஸ் என்பது என்ன இடம் என்று எனக்குத் தெரியும். வீட்டில் பிரச்சினை, போலீஸிடம் போகப் பயம், யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை என்று வருகிறவர்கள் முதலில் வந்து உட்காருகிற இடம் அது. அந்த மேசைக்குப் பின்னால் இவனை உட்கார வைக்க என்னால் முடியாது. இன்னொரு பக்கம், வேண்டாம் என்று அவன் முகத்துக்கு நேராகச் சொன்னால் அன்றைக்கு அதற்குப் பதில் சொல்லப் போகிறவள் தட்டோடு நிற்கிற நித்யா.

சாலை, பள்ளிக்கூடம், சொத்து வரி என்று வழக்கமானதைப் பேசி முடித்தேன். நன்றி சொன்னேன். மாலா விடவில்லை.

"அண்ணா, வேற ஒண்ணு அனவுன்ஸ் பண்ணணும்னீங்களே?"

"ஆபீஸ் விஷயம்தானே மாலா? எலெக்ஷன் ஆகட்டும். ஜெயிக்கறதுக்கு முன்னாடி ஆபீஸ் பத்திப் பேசினா ஊர் சிரிக்கும்" என்றேன்.

சிலர் சிரித்தார்கள். சதீஷும் சிரித்தான். மாலாவின் முகம் மட்டும் ஒரு கணம் சுருங்கிச் சரியானது. நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் உண்மை முழுவதும் அதில் இல்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற குறுகலான இடத்தில்தான் நம் தொழிலில் பல தடவை நிற்க வேண்டியிருக்கும். வசதியான இடம் இல்லை.

அந்த வாரமே நித்யா குழந்தையோடு வீட்டை விட்டுப் போய்விட்டாள். அவளையோ அந்த வீட்டையோ அவன் நெருங்கக் கூடாது என்று கோர்ட்டு உத்தரவு வந்தது. போலீஸ் வந்து சதீஷிடம் அதைக் கொடுத்தார்கள். அவன் ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தான். இந்த ஊரில் யாரையுமே தெரியாத நித்யாவுக்கு நியூஆர்க்கில் ஒரு வக்கீலை யார் காட்டினார்கள் என்று அவன் யோசித்திருக்கிறான். நான் அறிவிக்காமல் விட்டதையும் அதோடு சேர்த்துப் பார்த்திருக்கிறான். சொன்னேனே, கெட்டிக்காரன்.

மறுநாள் மாலா எங்கள் வீட்டுக்கு வந்தாள். அழுது வீங்கிய முகம். வசந்தா அவளைச் சமையலறை மேசையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். நான் எதிரே உட்கார்ந்தேன்.

"அண்ணா, நான் ஒண்ணுதான் கேப்பேன். நித்யா உங்ககிட்ட வந்தாளா, இல்லையா?"

"மாலா, என் ஆபீஸுக்கு யார் வந்தாங்க, வரலைங்கறதை நான் யார்கிட்டயும் சொல்றதில்ல."

"நான் யாரோவா?"

"யார் கேட்டாலும் இதுதான் பதில்."

"வரலைன்னா வரலைன்னு சொல்லிட்டுப் போறதுதானே. வந்ததாலதான் சொல்ல மாட்டேங்கறீங்க."

இளைஞர்களே, இந்த இடத்தைக் கவனியுங்கள். வராதவர்களைப் பற்றி 'வரவில்லை' என்றும், வந்தவர்களைப் பற்றி 'சொல்ல முடியாது' என்றும் சொல்லிக்கொண்டிருந்தால், சொல்ல முடியாது என்பதே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் தொழிலுக்கு வந்த நாளிலிருந்தே எல்லாரையும் பற்றி ஒரே பதிலைத்தான் நான் சொல்லி வந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் சும்மா விளையாட்டாகக் கேட்டபோதும் அதேதான். அன்றைக்கு அதை மாலாவிடம் சொல்ல வேண்டும் என்று மட்டும் நான் நினைத்துப் பார்த்ததில்லை.

மாலா வசந்தாவின் பக்கம் திரும்பினாள். "நீயாவது கேளேன். உன்கிட்ட சொல்லாம இருப்பாரா?"

வசந்தா என்னைப் பார்த்தாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவள் என் ஆபீஸ் விஷயம் எதையும் கேட்டதே இல்லை. அன்று கேட்டாள். "அவளுக்கு மனசு ஆறும். சொல்லிடுங்களேன்."

அவளிடமும் அதையே சொன்னேன். வார்த்தை மாறாமல் சொன்னேன்.

மாலா எழுந்து போனாள். வசந்தா வாசல் வரை போய், கார் திரும்பும் வரை நின்றுவிட்டு வந்தாள். தண்ணீர் டம்ளரைக் கழுவி வைத்தாள்.

பிறகு நடந்தது அரசியல். 'நல்லா இருந்த குடும்பத்தைப் பிரிச்சுட்டார்' என்று முதலில் வந்தது. 'வக்கீலுக்கு வேற என்ன வேலை, கேஸ் வேணுமே' என்று அடுத்து வந்தது. அதற்குப் பிறகு வந்ததை எழுத முடியாது. நித்யாவையும் என்னையும் சேர்த்துப் பேசினார்கள் என்றால் புரிந்துகொள்வீர்கள். வசந்தாவின் காதுக்கும் அது போயிருக்கும். கோயிலில் யாரும் சண்டைக்கு வரவில்லை. நாங்கள் பிரசாதம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அவசரமாக வேறெங்கோ போக வேண்டியிருந்தது, அவ்வளவுதான். கதவு தட்ட ஆட்கள் வரவில்லை. நானும் வசந்தாவும் மட்டும் சில தெருக்களில் போய்த் தட்டினோம். என்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்தும் அவள் எனக்காக ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினாள். ஜூன் மாதம் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடக்கும் பிரைமரியிலேயே தோற்றேன்.

தோல்வி எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். வலித்தது. ஆனால் ஆறிவிட்டது. ஆறாதது வேறு. வசந்தா காலையில் தனியாக நடக்கப் போனாள். நான் கூட வருகிறேன் என்றேன். "உங்க வேகம் எனக்கு ஒத்து வராது" என்றாள். கால்வாய்க் கரையில் மாலா வருகிற நேரத்தை விட்டுவிட்டு வேறு நேரத்தில் போனாள். பிறகு நடப்பதையே விட்டுவிட்டாள். டெக்சாஸில், ரவுண்ட் ராக்கில் இருக்கும் எங்கள் மகள் வீட்டுக்குப் போனால், முன்பு போல் திரும்ப அவசரப்படவில்லை. அங்கே பேரன் தமிழில் கேட்டு இங்கிலீஷில் பதில் சொன்னாலும், பேச்சு என்று ஒன்று இருந்தது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் பேசாத விஷயத்தைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தோம்.

ஒரு தடவை நானே ஆரம்பித்தேன். "வசந்தா, என்னால சொல்ல முடியலைங்கறதுக்கு—"

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "நீங்க தப்பா எதுவும் செஞ்சிருக்க மாட்டீங்க. அது எனக்குத் தெரியும். எனக்கு அந்தக் கதை வேணாம். எனக்கு மாலாதான் வேணும்" என்றாள்.

நான் மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு போய் அலமாரியில் அடுக்கினேன்.

நித்யாவிடமே அனுமதி கேட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அவள் அப்போது கலிஃபோர்னியாவுக்கு, பே ஏரியாவுக்குப் போய்விட்டாள், வேலை கிடைத்திருந்தது என்று கேள்விப்பட்டேன். போனை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நான் கேட்டால் அவளால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. எனக்குக் கடன்பட்டதாக அவள் நினைத்துக்கொண்டிருப்பாள். மறுக்க முடியாதவரிடம் கேட்டு வாங்குவது சம்மதம் ஆகாது. போனைத் திரும்ப வைத்துவிட்டேன். இதில் நான் செய்தது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். சரியாகச் செய்தால் மனசு லேசாகிவிடும் என்று மட்டும் யாரும் உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

சில வருஷங்கள் கழித்து வசந்தாவுக்கு உடம்புக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு நாள், "எனக்கு இப்படின்னு மாலாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். நான் வராந்தாவுக்குப் போய் மாலாவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. வாய்ஸ்மெயிலில் விஷயத்தைச் சொல்லி, எந்த ஆஸ்பத்திரி என்றும் சொல்லி வைத்தேன். வசந்தாவிடம், "சொல்லியாச்சு" என்றேன். அதற்குப் பிறகு அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் அவள் திரும்பிப் பார்த்தாள். மாலா வரவில்லை. வசந்தா போய்விட்டாள்.

இறுதிச் சடங்குக்கு ஆட்கள் கொஞ்சம்தான். பின்வரிசையில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் போன பிறகு என்னிடம் வந்தாள். நித்யா. யாரோ வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட செய்தியைப் பார்த்து விமானத்தில் வந்திருக்கிறாள். முகம் தெளிவாக இருந்தது, கொஞ்சம் சதை போட்டிருந்தாள். குழந்தை நன்றாகப் படிக்கிறது என்றாள். பிறகு தயங்கிக் கேட்டாள்.

"ஆன்ட்டிகிட்டயாவது சொல்லியிருப்பீங்கல்ல?"

"இல்லம்மா."

"ஆன்ட்டிக்குக் கடைசி வரைக்கும் தெரியாதா?"

"தெரியாது."

அவள் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "சொல்லுங்கன்னு நான் ஒரு போன் பண்ணியிருக்கலாம் அங்கிள். எனக்குத் தோணவே இல்ல. அந்த ஊரை நினைக்காம இருந்தா போதும்னு இருந்தேன்."

"அது உன் வேலை இல்லம்மா. நீ நினைக்காம இருந்ததுதான் சரி."

"இனிமே சொல்லுங்க. யார்கிட்ட வேணாலும் சொல்லுங்க. மாலா அக்காகிட்ட போய்ச் சொல்லுங்க. எழுதணும்னாலும் எழுதுங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஏர்போர்ட்டுக்குப் போகும் கார் வெளியே நின்றது.

அவள் சொன்னபடி ஒரு நாள் மாலா வீட்டுக்குப் போனேன். போகும் வழியெல்லாம் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டு போனேன், வாதத்துக்குப் போகிற மாதிரி. மாலா கதவைத் திறந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. அந்தப் பெரிய ஹாலில் ஒரே ஒரு விளக்குதான் போட்டிருந்தாள். பிள்ளைகள் வேறு வேறு ஊரில். கணவர் மாடியில் தூங்கிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள்.

எதிர் சோபாவில் உட்கார்ந்தாள். பிறகு அவளாகவே ஆரம்பித்தாள்.

"சதீஷ் டெக்சாஸ் பக்கம், சுகர் லேண்ட் போய்ட்டான். அங்க மறுபடி கல்யாணம் பண்ணி வச்சோம். நல்ல பொண்ணு. அவளும் அவனை விட்டுட்டுப் போய்ட்டா அண்ணா." சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "நான் அவளை ஒண்ணும் கேக்கல. கேக்கத் தோணல."

என்னைப் பார்த்தாள். அன்றைக்குச் சமையலறையில் கேட்ட அதே கேள்வி அவள் முகத்தில் இருந்தது, ஆனால் அவள் அதைக் கேட்கவில்லை. என் கையில் அனுமதி இருந்தது. சொன்னால் என் பெயர் சுத்தமாகும். அதற்கு அவள் தன் தம்பியைப் பற்றி இன்னொரு தடவை, விவரமாக, உட்கார்ந்து கேட்க வேண்டும். அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததை நான் எதற்கு மறுபடி அவள் மடியில் போட வேண்டும்? சொல்லலாம் என்று ஆகிவிட்டாலேயே சொல்லியாக வேண்டும் என்று இல்லை. நான் பேசாமல் இருந்தேன். அவளும் கேட்காமலே விட்டாள்.

காபி போட்டுக் கொண்டுவந்தாள். டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு, நின்றபடியே கேட்டாள்.

"வசந்தா கடைசில என்னைப் பத்தி ஏதாவது கேட்டாளா?"

"கேட்டா. அவளுக்கு உடம்பு சரியில்லன்னு உனக்குத் தெரியுமான்னு கேட்டா."

"உங்க மெசேஜ் கேட்டேன் அண்ணா. மறுநாளே கிளம்பி வந்தேன். பார்க்கிங் லாட் வரைக்கும் வந்துட்டேன். கார்லயே உட்கார்ந்திருந்தேன். என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டு உள்ள வர்றதுன்னு தெரியல. திரும்பிப் போய்ட்டேன்."

அவள் அழுதாள். நான் காபியைக் குடித்து முடித்தேன்.

அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். ஏன் தோற்றேன் என்றால் இதனால்தான். நீ ஜெயிக்க வேண்டும் அம்மா. வக்கீல் தொழிலையும் விடாதே. ஆனால் ஒரு நாள் உன் வீட்டிலேயே, உன் சாப்பாட்டு மேசையிலேயே ஒருவர் கேட்பார், நீ சொல்ல முடியாமல் உட்கார்ந்திருப்பாய். அது எவ்வளவு நாள் நீளும் என்று முன்கூட்டித் தெரியாது.

மாலா வீட்டிலிருந்து திரும்பும்போது ரூட் ஒன்னில் ஒரு சிக்னலில் நின்றேன். கை தானாக போனை எடுத்துவிட்டது. வசந்தாவைக் கூப்பிட்டு, மாலா வந்தாள், பார்க்கிங் லாட் வரைக்கும் வந்தாள் என்று சொல்ல எடுத்திருக்கிறேன். அவளிடம் சொல்ல யாருடைய சம்மதமும் தேவைப்படாத ஒரு விஷயம் கடைசியில் எனக்குக் கிடைத்திருந்தது. பின்னால் நின்றவர் ஹார்ன் அடித்தார். போனைப் பக்கத்து சீட்டில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.